சக்களத்திக்கு வைத்த பொட்டு

பனியன் மடித்து அனுப்பும் பாலிதீன் கவர் ஒன்றுக்குள் அந்த சிடி இருக்கிறது. கவரின் மூலையில் 'எக்ஸ்எல்' என்ற அளவு ஸ்டிக்கர் இன்னும் உரியவில்லை. எங்கள் வீட்டில் கடலைப்பருப்பிலிருந்து கிரயப் பத்திரம் வரை எல்லாமே அந்த மாதிரிக் கவருக்குள்தான் குடியிருக்கும். சிடியைத் திருப்பினால், பளபளக்கும் பக்கத்தில், விளிம்பை ஒட்டிக் காய்ந்துபோன சந்தனமும் அதன்மேல் ஒரு துளி குங்குமமும். போன வாரம் அலமாரியை ஒழிக்கும்போது கையில் அகப்பட்டது. ஒழிக்கிற வேலை அத்தோடு நின்றது.

சிடி என் மாமனாருடையது. பெருமாநல்லூரில் நிட்டிங் மெஷின்கள் சிலவற்றை ஓட்டிக்கொண்டிருந்தவர். தொழிலை என் கணவர் எடுத்துக்கொண்ட பிறகு அவருக்குப் பொழுது நகரவில்லை. மெஷின் சத்தம் இல்லாத வீட்டில் உட்கார்ந்தால் காது அடைக்கிறது என்பார். ஆபீசில் பழசாகிப்போன கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தபோது, ஊர் கட்டும் விளையாட்டு ஒன்றின் சிடியும் எப்படியோ கூடவே வந்தது. வெறும் பொட்டலில் ரோடு போட்டு, தண்ணீர் கொண்டுவந்து, வீடு கட்டி, வரி வாங்கி, ஜனங்கள் கோபித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. ஊருக்கு நடுவில் ஓர் ஆற்றை ஓடவிட்டு, அதன் கரையில் ஒரு பட்டறைகூட வராமல் காவல் காத்தார். கட்டினால் வருமானம் கூடுமே என்று நான் கேட்டதற்கு, "ஆத்தக் கெடுத்துப்போட்டு அந்த வருமானத்த வெச்சு என்னத்தப் பண்றது அம்மணி?" என்றார். சாயத்தண்ணீர் ஓடும் ஆற்றைப் பார்த்துப் பார்த்து நொந்த திருப்பூர்க்காரர் அல்லவா.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தைக்கு அந்தக் கம்ப்யூட்டரைக் கண்டாலே ஆகாது. "ஏனுங்க, இந்த வயசுல எனக்கொரு சக்களத்தியக் கொண்டாந்து ஊட்டுக்குள்ளயே குடி வெச்சுட்டீங்களே" என்று காபி டம்ளரை மேஜைமேல் நங்கென்று வைப்பார். சத்தம் போட்டுத் திட்டுகிற ஆள் இல்லை. அடித்தொண்டையில் ஒரு முனகல், அவ்வளவுதான். ஆரம்பித்தால் லேசில் அடங்காது. சமையலறைக்குப் போகும், கொஞ்சம் ஓயும், மறுபடி தொடங்கும். மாமனார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே மாட்டார். ஆனால் முனகல் கேட்காத நாளில் அவராகவே எழுந்துபோய், "என்ன, ஒடம்புக்கு முடியலயா?" என்று விசாரித்துவிட்டு வருவார்.

அந்த ஆயுத பூஜையன்று தையல் மெஷின், கிரைண்டர், ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்த அத்தை, சந்தனக் கிண்ணத்தோடு கம்ப்யூட்டர் முன்னால் வந்து நின்றார். "சக்களத்தின்னாலும் நல்ல நாளதுவுமா விட்டுட முடியுமுங்களா?" என்று சிரித்தார். நான் பொரியும் கடலையும் கவரில் போட்டுக்கொண்டிருந்தேன். எதெதற்குப் பொட்டு வைத்தார் என்று கவனிக்கவில்லை. பொங்கல் வருவதற்குள் அத்தை போய்விட்டார். நெஞ்சுவலி என்றார், ஆஸ்பத்திரி வாசலைக்கூடத் தாண்டவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மாமனார் மறுபடி அந்த விளையாட்டின் முன்னால் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டால்தான் எழுந்தார். ஊர் பெருத்து, நகரமாக அறிவிக்கப்படும் கட்டத்துக்கு வந்திருந்தது. பேண்டு வாத்தியத்தோடு ஊர்வலம் ஒன்று வரவேண்டும். அது வருவதற்குள் கம்ப்யூட்டர் கர்ரென்று இழுக்கும், திரை உறையும், விளையாட்டு செத்துப்போகும். மறுநாளும் அதே இடத்தில் அதே கதை. அந்த ஊர் ஒரு தடவை நகரமாகிவிட்டால் மனிதர் கொஞ்சம் தேறிவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. எனக்கு ஒன்று தோன்றிவிட்டால் விடமாட்டேன். விளையாட்டை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். பெட்டியைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே பனியன் பஞ்சு மெத்தையாகப் படிந்திருந்தது, அள்ளி எடுத்தேன். நான் வேலை பார்த்த கம்பெனியின் கம்ப்யூட்டர்காரர் மெமரி என்றார், மாற்றினேன். வோல்டேஜ் என்றார் என் கணவர், அதற்கும் ஒரு பெட்டி வாங்கினேன். எதற்கும் அது மசியவில்லை. சிடியை மட்டும் மாமனார் என் கையில் கொடுக்கமாட்டார். அவரே போடுவார், அவரே எடுத்துக் கவருக்குள் வைப்பார்.

ஒரு கிருத்திகையன்று அவர் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் சிடியை எடுத்துத் திருப்பினேன். பொட்டைப் பார்த்ததும் எனக்கு ஒரே சிரிப்பு. ஊர்வலப் படம் பதிந்திருக்கும் இடத்தை அது மறைத்திருக்க வேண்டும். இதற்காகவா இத்தனை பாடு! கட்டிங் வேஸ்ட் துணி ஒன்றை நனைத்துக்கொண்டு வந்தேன். துணி படப் போகும் சமயம், வாசற்படியிலிருந்து குரல் வந்தது.

"அம்மணி, அதத் தொடச்சறாத."

"இதனாலதானுங்க மாமா நின்னு நின்னு போகுது."

"தெரியுங் கண்ணு. உங்கத்தை வெச்சது. கண்ணாடியாட்ட இருக்கற பக்கந்தான் மொகம்னு நெனச்சுட்டா."

என் கையிலிருந்து சிடியை வாங்கி உள்ளே போட்டார். ஊர் வந்தது, ஆறு வந்தது. ஊர்வலம் வரவேண்டிய இடத்தில் கர்ரென்று தொடங்கியது. கொஞ்சம் ஓய்ந்தது. மறுபடி தொடங்கியது.

"கேக்குதா? நான் வெளையாடறது பொறுக்காம அவ மொனகறாப்பல இல்ல?"

அப்படியேதான் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. அந்தச் சத்தம் அடங்கித் திரை உறையும் வரைக்கும், திட்டு வாங்குகிறவர் முகத்தில் எப்போதும் இருக்கும் அந்த அசட்டுச் சிரிப்போடு உட்கார்ந்திருந்தார்.

அதற்கப்புறம் நான் ரிப்பேர் பார்க்கவில்லை. சாயங்காலம் வேலை விட்டு வந்தால், "அம்மணி, வர்றியா? உங்கத்தை ஆரம்பிச்சுருவா" என்று கூப்பிடுவார். இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்போம். ஊர் நகரமாகவே இல்லை. அதைப் பற்றி அவருக்கும் கவலை இல்லை, எனக்கும் இல்லாமல் போயிற்று. பிறகு கம்ப்யூட்டர் ஒருநாள் ஒரேயடியாக நின்றது. மாமனாரும் போய்ச் சேர்ந்தார்.

என் லேப்டாப்பில் சிடி போட இடமே கிடையாது. அந்த விளையாட்டு இப்போது இணையத்தில் கிடைக்கிறது என்று பார்த்து, வாங்கி இறக்கினேன். பழைய விளையாட்டு என்பதால் முதலில் திறக்கும்போதே விழுந்தது. யாரோ புண்ணியவான்கள் எழுதிவைத்த குறிப்புகளைத் தேடிப் படித்து, எதையெதையோ மாற்றி ஓடவைத்தேன். நேரம் கிடைத்தபோதெல்லாம் உட்கார்ந்து ஓர் ஊரைக் கட்டினேன். நடுவில் ஆறு விட்டேன். கரையில் ஒன்றும் கட்டவில்லை. நேற்று சாயங்காலம் நகரமாகும் கட்டம் வந்தது. என்னை அறியாமல் லேப்டாப் பக்கம் காதைச் சாய்த்தேன்.

ஒரு தடங்கலும் இல்லை. பேண்டு வாத்தியம் முழங்க ஊர்வலம் வந்தது, போனது. ஊர் நகரமாகிவிட்டது என்று திரை சொன்னது. பக்கத்தில் சிடி அதன் கவருக்குள் பொட்டோடு கிடந்தது. எனக்குத் தாங்கவில்லை. கையிலிருந்த காபி டம்ளரை மேஜைமேல் நங்கென்று வைத்தேன்.