பதினோரு குழாய்

என் அக்கா புருஷனுக்கு ஆப்பிள் தோட்டத்தில் குழாய் கட்டுகிற வேலை. தண்ணீர்க் குழாய் இல்லை. விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய். உள்ளே பெண் அந்துப்பூச்சியின் வாசனையை அடைத்திருப்பார்கள். மனுஷ மூக்குக்கு ஒன்றும் தெரியாது. மரத்துக்கு ஒன்று கட்டிவிட்டால் தோட்டம் முழுக்க அந்த வாசனை பரவி, ஜோடி எங்கே என்று தெரியாமல் ஆண் பூச்சிகள் அலைந்தே செத்துப்போகும். முட்டை இல்லை, பழத்தில் புழுவும் இல்லை. “கல்யாண வீட்டுல பொண்ணை ஒளிச்சு வைக்கிற வேலை” என்பார் மாமா. அவருக்குத் தெரிந்த ஒரே ஜோக் அதுதான். இருபது வருஷமாக அதையே சொன்னார்.

வேலையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள். ஏணியிலிருந்து இறங்கியதும் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி அண்ணாந்து பார்ப்பார். அடுத்த மரத்துக்குப் போன பிறகும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். வீட்டில் சாவி காணோம், கத்தரிக்கோல் காணோம் என்றால் எல்லாரும் அவரைத்தான் கேட்பார்கள்.

நான் அதே தோட்டத்தில் மேஸ்திரி. முதலாளி எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ரகம். ஒரு வருஷம் முதலாளிக்குச் சந்தேகம் வந்தது, குழாயால்தான் பூச்சி அடங்குகிறதா என்று. சாலைக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்த ஆறு வரிசையில் மட்டும் குழாய்களைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார். முந்நூறு மரம். மாமா இரண்டே நாளில் கழற்றிக் கொண்டுவந்து என் மேஜையில் சாக்கைக் கவிழ்த்தார். எண்ணினேன். இருநூற்று எண்பத்தொன்பது.

“பதினொண்ணு கொறையுதே மாமா?”

“காத்துல விழுந்திருக்கும். புல்லு வெட்டுற வண்டி அரைச்சிருக்கும். மரத்துல ஒண்ணுகூட இல்ல, நல்லாப் பாத்துட்டேன்.”

மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் முதலாளியும் நானும் அங்கே போய் நின்றோம். ஆண் பூச்சிகள் வெறும் இலைகளையே சுற்றிக்கொண்டிருந்தன. சில, இலை மேல் உட்கார்ந்து சிறகடித்தன.

“குழாய் மேலயேதான் இருக்கு” என்றார் முதலாளி. “உன் மாமனுக்கு முட்டி வலி. ஏறாமலே வந்துட்டான்.”

மாமா சத்தியம் செய்தார். மரத்தில் ஏறிப் பார்க்க நாங்கள் யாரையும் அனுப்பவில்லை. ‘பதினோரு குழாய்கள் கழற்றப்படவில்லை’ என்று வேலைப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். எழுதும்போதே அது பொய் என்று எனக்குப் பட்டது. அப்போது தெரியவில்லை என்று இன்றைக்குச் சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

அதனால் மாமாவுக்கு வேலை போனதைக்கூடப் பெரிதாகச் சொல்ல மாட்டேன். ஒரு மாதத்தில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற இடத்தில் வேறு வேலை கிடைத்தது. ஆனால் சாயங்காலமானால் அந்த ஆறு வரிசைக்குப் போய் வேலிக்கு வெளியே நின்று மரம் மரமாக அண்ணாந்து பார்ப்பார். அக்கா போய்க் கையைப் பிடித்து இழுத்து வருவாள். அப்புறம் அது வீட்டுக்குள்ளும் வந்தது. கதவைப் பூட்டிவிட்டு, “பூட்டியிருக்கா பாரு, என் கண்ணை நம்பாத” என்பார். அடுப்பு, விளக்கு, தண்ணீர் எல்லாவற்றுக்கும் அக்காதான் சாட்சி. ஒட்டின பெட்டியையே திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்ததில் அந்த வேலையும் போயிற்று.

மூன்றாம் வருஷம் ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் தோட்டத்துக்கு வந்தாள். குழாய் கழற்றி நான்கு நாளான மரத்திலிருந்து இலைகளைப் பறித்து, ஏதோ திரவத்தில் கழுவி, புட்டியில் அடைத்துக்கொண்டு போனாள். அடுத்த வாரம் வந்து எனக்கு விளக்கினாள்.

“இலை மேல ஒரு மெழுகுப் பூச்சு இருக்குல்ல, அது வாசனையை இழுத்து வெச்சுக்குது. குழாயை எடுத்தப்புறமும் கொஞ்சம் கொஞ்சமா வெளிய விடுது. சில நாளைக்குப் பூச்சிக்கு இலையே குழாய் மாதிரிதான்.”

வேலையை அப்படியே போட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே அவளிடம் சொன்னேன். அவள் அழவுமில்லை, திட்டவுமில்லை.

“கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரமாடா? உள்ளதான் இருக்காரு. நீயே போய்ச் சொல்லு.”

மாமா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இலை, மெழுகு, புட்டி என்று ஒன்று விடாமல் சொன்னேன். நான் எழுதியது பொய் என்பதையும் சொன்னேன். மாமா என் முழங்காலில் மெதுவாகத் தட்டினார்.

“என்னைத் தேத்தணும்னு சொல்ற. எனக்கு ஞாபகம் வந்துருச்சு மச்சான். நாலாவது வரிசை, கடைசிக்கு முந்தின மரம். உச்சிக் கிளையில ஒண்ணு இருந்துச்சு. முட்டி வலிச்சுது, ஏறாம விட்டுட்டேன். மீதி பத்தும் அந்தப் பக்கந்தான்.”

“இல்ல மாமா. எல்லாத்தையும் கழட்டிட்டீங்க. மரத்துல ஒண்ணுமே இல்ல.”

“நீ எழுதினது சரிதான்” என்றார். “அதுக்காக மனசைப் போட்டு வருத்திக்காத.”