அண்ணனின் தாளில் நான் எழுதிய பொய்

அண்ணனின் வருஷ நினைவுப் பூசைக்கு வந்து, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும் என் வணக்கம். அண்ணன் அவர்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தா என்று பெரியவர்கள் கேட்டபோது, நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கொடுத்தால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். எழுத உட்கார்ந்தபின் அது முடியவில்லை. இதைப் படித்துவிட்டு என்னோடு பேசப் பிடிக்காதவர்கள் பேசாமல் இருக்கலாம். அதற்கு நான் தகுந்தவன்தான்.

அண்ணன் பிறந்தது தூத்துக்குடியில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஓட்டு வீட்டில். எனக்கு ஏழு வயது மூத்தவர். பதினாறு வயதில் சங்கு குளிக்கப் போனார். ஒரு மூச்சுக்கு மற்றவர்கள் நாலு சங்கு எடுத்தால் அவர் ஆறு எடுப்பார் என்று கூடப் போனவர்கள் சொல்வார்கள். அவர் வாயால் அதைக் கேட்டவர்கள் இல்லை. சாயங்காலம் கண் சிவந்து கரையேறி வந்ததும், "ஏலே, பாடம் படிச்சியா?" என்பதுதான் முதல் பேச்சு. அவருக்கு வாசிக்கத் தெரியாது. புத்தகத்தில் இல்லாததையெல்லாம் நான் ராகம் போட்டு வாசித்து ஏமாற்றுவேன். நான் ஏமாற்றுவது அவருக்குத் தெரியும் என்று அவர் மனைவி, என் மதினி, பிற்பாடு சொன்னார்கள்.

பதினாறு வயதில் அவர் ஏன் கடலுக்குப் போனார் என்பதை இனியும் மறைப்பதற்கில்லை. எங்கள் அப்பா வள்ளம் கவிழ்ந்து இறந்தார் என்று ஊர் நம்புகிறது. வள்ளம் கவிழவில்லை. அப்பா ஐந்து மாதமாகப் பேச்சில்லாமல், சோறு தண்ணீர் வெறுத்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கடற்காற்று பட்டால் சரியாகும் என்று கூட்டாளிகள் மூன்று பேர் வள்ளத்தில் அழைத்துப் போனார்கள். அங்கே அவராகவே தண்ணீரில் இறங்கிவிட்டார். உடலைத்தான் அவர்களால் கரை சேர்க்க முடிந்தது. தன் உயிரைத் தானே விட்டவருக்கு மந்திரித்த கல்லறை மண்ணில் இடம் இல்லை என்பது நம் சபையின் ஒழுங்கு. அதனால் அந்த மூவரும் பங்குச் சாமியாரிடம் போய், அலை அடித்து வள்ளம் கவிழ்ந்தது என்று சொன்னார்கள். அப்பாவுக்குக் கோயில் மணி அடித்தது, கல்லறையில் இடமும் கிடைத்தது. வீட்டில் அம்மா எங்கள் இருவரையும் மாதா சுரூபத்துக்கு முன்னால் நிறுத்தி, "வள்ளம் கவுந்துச்சு. யாரு கேட்டாலும் அம்புட்டுத்தான்" என்றார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அண்ணன் படிக்கவைத்த படிப்பால் வடக்கே ஒரு பட்டணத்தில், மனநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கே ஒரு டாக்டர் ஐயா. மனம் சோர்ந்து படுத்துவிடும் நோயை ஆராய்வதே அவருக்கு மூச்சு. நோயாளிகள் எத்தனை மணிக்கு விழித்தார்கள், எத்தனை கவளம் உண்டார்கள், காலையில் எப்படி, மாலையில் எப்படி என்று தினமும் எழுதச் சொல்வார். ரத்தம் எடுப்பார். ஒரு நாள் பூராவும் போன சிறுநீரைச் சீசாக்களில் பிடித்துவைத்துப் பரிசோதிப்பார். என் மேசைக்குப் பின்னால் அந்தச் சீசாக்கள்தான் வரிசையாக நிற்கும். "இது சோம்பலும் இல்லை, பாவமும் இல்லை, பேயும் இல்லை. சர்க்கரை வியாதி மாதிரி உடம்புக்குள்ளே எங்கேயோ ஏதோ மாறிப்போகுது. எதுன்னு எனக்குத் தெரியலை, அதைத்தான் தேடுறேன்" என்பார். பெற்றோருக்கு இருந்த நோய் பிள்ளைகளுக்கும் வருகிறதா, வந்தால் திரும்பத் திரும்ப வருகிறதா என்பதும் அவருடைய தேடலில் ஒன்று. அதற்கென்று ஒரு தாள் உண்டு. குடும்பத்தாரிடம் கேட்டு அதை நிரப்புவது என் வேலை. யாராவது மழுப்பினால் நான் விடமாட்டேன். "டாக்டர்கிட்ட மறைக்கலாமா?" என்று எத்தனை பேரை அதட்டியிருக்கிறேன்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அண்ணன் படுத்துவிட்டார். கடலுக்கு அடியில் எதையோ கண்டு பயந்துவிட்டார் என்று கரையில் பேச்சு. கோயிலுக்கு நேர்ச்சை வைத்தார்கள், மந்திரித்த எண்ணெய் பூசினார்கள். நான் போய்ப் பார்த்தபோது அவர் அப்பாவைப் போலவே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ரயிலேற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தேன்.

டாக்டர் ஐயா தாளை எடுத்து என்னிடமே நீட்டி, "உன் குடும்பம், நீயே எழுது. அப்பா, அம்மா, அவங்க கூடப் பிறந்தவங்க, யாருக்காவது இருந்ததா?" என்று கேட்டார். அறையில் கம்பவுண்டர் நின்றிருந்தார். அவர் நம் கரைக்காரர். இரண்டு நாளில் ஊருக்குச் செய்தி போய்விடும். எனக்கு அப்போது பெண் பேசி முடித்திருந்தார்கள்.

அண்ணன் தலையைத் தூக்கினார். நாலு நாளாக ஒரு வார்த்தை பேசாதவர், மெல்ல, "எங்க அப்பாவும் இப்படித்தான் ஐயா…" என்று ஆரம்பித்தார்.

"அப்பா வள்ளம் கவிழ்ந்து போயிட்டாங்க ஐயா. அந்த நினைப்பிலே ஏதோ சொல்லுதாக" என்று நான் குறுக்கே விழுந்தேன். தாளில் 'ஒருவருக்கும் இல்லை' என்று எழுதினேன். அண்ணன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

சிகிச்சை மின்சாரத்தால். பல்லிடையே ரப்பர் கொடுத்து, தோளை நாலு பேர் பிடித்துக்கொள்ள, நெற்றிப்பொட்டில் கம்பியை வைப்பார்கள். பார்க்கக் கொடூரமாகத்தான் இருக்கும். ஆறாவது தடவைக்குப் பிறகு ஒரு காலையில் அண்ணன், "ஏலே, இங்கன குழம்புல உப்பே போட மாட்டாவளா?" என்று கேட்டார். நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன். ஏன் குணமாகிறது என்று டாக்டர் ஐயாவுக்கே தெரியாது. அதை வெட்கப்படாமல் சொல்வார். குணமானவர்களை அவர் இரண்டாகப் பிரிப்பார். குடும்பத்தில் நோய் இருந்தவர்களுக்கு மாதம் ஒரு கடிதம் போகும், தூக்கம் குறைந்ததாகப் பதில் வந்தால் உடனே அழைப்பார். மற்றவர்களுக்குப் புத்தி சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். என் கையெழுத்தை நம்பி, அண்ணனையும் அப்படியே அனுப்பினார்.

இரண்டு வருஷம் அண்ணன் நன்றாக இருந்தார். என் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவர் அவர்தான். பிறகு மதினியிடமிருந்து கடிதம் வந்தது: "தம்பி, அவுக விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு உக்காந்துருக்காக. சாப்பாடு இறங்கலை. கூட்டிட்டு வரட்டுமா?" விடியுமுன் விழிப்பது என்ன அடையாளம் என்று எனக்கா தெரியாது? தினமும் அதைத்தானே எழுதிக்கொண்டிருந்தேன். ஆனால் திரும்பக் கூட்டி வந்தால், ஏன் திரும்ப வந்தது என்று டாக்டர் ஐயா முதலிலிருந்து கேட்பார். என் பொய் வெளிப்படும். 'வெயில் காலம், உடம்புச் சூடாக இருக்கும், இளநீர் கொடுங்கள், தொழிலுக்கு அனுப்புங்கள்' என்று பதில் எழுதிப் போட்டேன். அதை எழுதிய கை இதே கைதான்.

இரண்டாவது கடிதம் வந்து நான் போனபோது அண்ணன் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் அடித்தது. ரயிலேற்றும் நிலையில் இல்லை. கஞ்சியைக் கரண்டியில் கொண்டுபோனால் வாயை மூடிக்கொள்வார். "நான் தப்புப் பண்ணிட்டேன் அண்ணே" என்று காதருகே சொன்னேன். கேட்டதா, தெரியவில்லை. பதினொன்றாம் நாள், சாகக் கிடப்பவர்களுக்குச் சாமியார் எண்ணெய் பூசும் அவஸ்தைப் பூசுதல் பெற்று, சர்வேசுரனிடம் போய்ச் சேர்ந்தார்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் டாக்டர் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட்டுத் துரத்துவார் என்று நினைத்தேன். துரத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பழைய தாளைத் தேடி எடுத்து, நான் எழுதியதை அடித்து, தம் கையால் திருத்தினார். பிறகு, "அண்ணனுக்குப் பிள்ளைங்க எத்தனை பேர்?" என்று கேட்டார். இரண்டு என்றேன். "அவங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். மதினியிடம் முதலில் அனுமதி கேட்டேன். பிள்ளைகளுக்கு நாளைக்குச் சம்பந்தம் பேசுவதில் சிக்கல் வரும் என்றும் சொன்னேன். மதினி அடுப்பிலிருந்து திரும்பாமலே, "எழுதுங்க தம்பி. மறைச்சு என்னத்தக் கண்டோம்? ஆனா உங்க அப்பா, எங்க மாமா கதைய மட்டும் எழுதி, உங்க கதைய விட்டுறாதீங்க" என்றார்கள். விடவில்லை, மதினி.

அப்பாவைக் கரை சேர்த்து, கல்லறையில் இடமும் வாங்கிக் கொடுத்த மூவருக்கும் நன்றி. இருவர் இறந்துவிட்டார்கள்; மூன்றாமவர் இதை அச்சிடச் சம்மதித்தார். அண்ணனின் கடைசி நாட்களில் முறைவைத்து உடனிருந்த தெருக்காரர்களுக்கும், ஜெபம் சொன்ன பெண்களுக்கும், நல்லடக்கத்தை நடத்திய சாமியாருக்கும், டாக்டர் ஐயாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணனின் மூத்த மகளுக்கு வாசித்துக் காட்டினேன். பதினான்கு வயதுப் பிள்ளை. கடைசிவரை கேட்டுவிட்டு, "சித்தப்பா, எனக்கும் தம்பிக்கும் இது வருமா?" என்றாள்.

"தெரியாது தாயி. வரலாம், வராமலும் போகலாம். தூக்கம் போச்சு, சோறு கசக்குன்னா அன்னைக்கே எனக்கு எழுது."

"எழுதுனா வருவீங்களா?"

அவள் குத்திக்காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அன்று நான் இந்தத் தாள்களை மடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். அதனால் சாட்சிகளாக உங்கள் எல்லோரையும் வைத்து இங்கே சொல்கிறேன்: வருவேன் தாயி, கடிதம் கிடைத்த அன்றைக்கே ரயிலேறுவேன்.