ஒரு தடவை கேட்ட பூ

என் தங்கை சௌந்திரத்துக்கு நான் பன்னிரண்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தேன். 1988-ஆம் வருடம் ஆவணி மாதம் வாங்கியது. அவளுடைய ஏழு பவுன் நகையை அடகு வைத்து எடுத்த பணம். அதைப் போட்டுத்தான் ஆழ்துளைக் கிணறு போடும் முதல் ரிக் லாரியில் கால் பங்கு வாங்கினேன். நகையை மீட்கவில்லை, ஏலத்தில் போய்விட்டது. முப்பத்தேழு வருடமாக இதை நான் வெளியே சொன்னதில்லை. கேட்டவர்களிடமெல்லாம் என் சொந்த வேர்வையில் வாங்கிய வண்டி என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

வேர்வையும் பொய்யில்லை. நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். போர் போடும் வண்டியில் இரும்பு ராடு தூக்கும் கூலியாகச் சேர்ந்தவன். இன்றைக்குத் திருச்செங்கோட்டில் ரிக் சின்னுசாமி என்றால் எந்த சின்னுசாமி என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆறு வண்டி ஓடுகிறது. ராஜஸ்தானில் இரண்டு, சத்தீஸ்கரில் மூன்று, உள்ளூரில் ஒன்று. பூமிக்கடியில் தண்ணீரே இல்லை என்று படித்தவர்கள் கைவிரித்த இடத்தில் ஆயிரத்து இருநூறு அடியில் ஊற்றைக் காட்டியவன் நான். இருந்தாலும் இப்போது சொல்ல வந்தது சௌந்திரத்தைப் பற்றி.

என்னைவிடப் பத்து வயது சின்னவள். பதினேழு வயதில் அவளை நாமகிரிப்பேட்டையில் மருதாசலத்துக்குக் கட்டிக்கொடுத்தோம். இரண்டேகால் ஏக்கர் மஞ்சள் காடு. பிள்ளை இல்லை. மாப்பிள்ளை நாற்பத்து நாலு வயதில் நெஞ்சுவலியில் போய்விட்டார். அதற்குப் பிறகு காட்டை அவள் ஒருத்தியே பார்த்தாள். மஞ்சள் வெட்டுவது, வேகவைப்பது, காயவைப்பது, மண்டிக்கு ஏற்றுவது எல்லாம் அவள்தான். மண்டியில் விலை பேசும்போது சத்தம் போடமாட்டாள். ஒரு கிழங்கை எடுத்து ஒடித்து, உள்ளே இருக்கும் நிறத்தைக் காட்டிவிட்டுப் பேசாமல் நிற்பாள். வியாபாரி தானாக ஏறிவருவான். உள்ளங்கை ரேகையில் மஞ்சள் ஏறிப்போய் எந்தச் சோப்புக்கும் போகாது.

நானும் அவளைச் சும்மா விட்டுவிடவில்லை. வருடம் தவறாமல் பொங்கல் சீர் போனது. வீட்டுக்குக் கான்கிரீட் போட்டுக் கொடுத்தேன். காட்டில் இலவசமாகப் போர் போட்டுக் கொடுத்தேன். ஆனால் அந்தப் பன்னிரண்டாயிரத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுத்தால் வாங்கினேன் என்று ஆகிவிடுமே.

2021-ஆம் வருடம் தை மாதம் சௌந்திரம், தன் இடது மார்பு தடித்துப் போயிருக்கிறது என்று என் மனைவி ராஜம்மாளிடம் சொல்லியிருக்கிறாள். கட்டி என்று கையில் எதுவும் அகப்படவில்லை. பிசைந்து வைத்த மாவு இறுகினது மாதிரி இருக்கிறது என்றாளாம். நாமக்கல்லில் ஒரு டாக்டரம்மாவிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். மேமோகிராம் எடுத்தார்கள். படத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அந்த அம்மா விடவில்லை. கைக்குத் தடிப்புத் தெரிகிறது, படத்தில் அகப்படாத வகையும் உண்டு, எம்.ஆர்.ஐ. எடுத்து ஊசியால் சதை எடுத்துச் சோதித்துவிடுவோம் என்றார்.

நான் அப்போது ஆறாவது வண்டி கட்டிக்கொண்டிருந்தேன். கொரோனாவில் வண்டிகள் நின்றுபோனதால் ஏறிய வட்டி ஒரு பக்கம், புது வண்டிக்கு முன்பணம் ஒரு பக்கம். படத்தில் இல்லாததற்கு எதற்குப் பணம் என்று நினைத்தேன். வாயால் அப்படிச் சொல்லவில்லை. சாமியைக் கேட்டுவிட்டு வருகிறோம் என்று டாக்டரம்மாவிடம் சொல்லி எழுந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் பூ கேட்பது என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரு இலையில் வெள்ளைப் பூ, இன்னொரு இலையில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் போட்டு, மனதில் நினைத்துக்கொண்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். பூ கேட்காமல் நான் ஒரு போர்கூடப் போட்டதில்லை. அதுவும் மூன்று தடவை கேட்பேன். மூன்றில் இரண்டு எது வருகிறதோ அதுதான் கணக்கு. ஒரு தடவைக்குக் கை தவறும், காற்று புரட்டும் என்பது எனக்குத் தெரியும்.

அன்றைக்கு நேரே அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய், சோதனை செய்யலாமா என்று நினைத்து சௌந்திரத்தையே எடுக்கச் சொன்னேன். அவள் எடுத்தாள். பிரித்தால் சிவப்பு அரளி.

"ஒண்ணுமில்ல அம்மிணி. அம்மாவே சொல்லீட்டா" என்றேன்.

அவள் கையிலிருந்த பூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். நான் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு காரில் ஏறிவிட்டேன்.

பதினாலு மாதம் போனது. மறு வருடம் பங்குனியில் அவளுடைய மார்புக்காம்பு உள்ளே இழுத்துக்கொண்டது. இந்த முறை நான் யாரையும் கேட்கவில்லை. நேரே கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனேன். எம்.ஆர்.ஐ., பயாப்சி எல்லாம் ஆனது. லோபுலர் வகைப் புற்றுநோய் என்றார் டாக்டர். இது ஒரு இடத்தில் திரண்டு கட்டியாக நிற்காது, அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைகட்டிச் சதைக்குள் ஊர்ந்துபோகும், அதனால்தான் கைக்கும் படத்துக்கும் சிக்காமல் தப்பிக்கிறது என்று விளக்கினார்.

படித்தவர்களுக்கு இது புரியுமோ என்னவோ, எனக்கு உடனே புரிந்தது. பாறைக்குள் தண்ணீர் குளமாக நிற்காது. வெடிப்பு வெடிப்பாக, நூல் நூலாகத்தான் போகும். குளத்தைத் தேடுகிறவன் இந்த இடம் வறண்டது என்று சொல்லிவிட்டுப் போவான். ஐம்பது வருடமாக ஊரெல்லாம் இதைச் சொல்லிச் சம்பாதித்தவன் நான். என் தங்கையின் உடம்பில் குளத்தைத் தேடிவிட்டு, வறண்டது என்று வந்தவனும் நான்தான்.

அதற்குப் பிறகு எல்லாம் என் பேச்சுப்படியே நடந்தது. தனி அறை, பெரிய டாக்டர், உசத்தி மருந்து. நோய் பரவலாக இருப்பதால் இடது மார்பை முழுவதும் எடுக்க வேண்டும் என்றார்கள். இரண்டையும் எடுத்துவிடுங்கள் என்றேன். வலது பக்கம் சுத்தமாக இருக்கிறது, உங்கள் தங்கை என்ன சொல்கிறார் என்று டாக்டர் அவளைப் பார்த்தார். அதற்கும் நானே பதில் சொன்னேன். நல்லவேளை, டாக்டர் என் பேச்சைக் கேட்கவில்லை. இடதை மட்டும் எடுத்தார்கள்.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் மஸ்தான் பீவி பழக்கமானார். சேலத்துக்காரர், வீட்டிலேயே தையல் வேலை. ஆறு வருடத்துக்கு முன்னால் அவருக்கும் இதே வகை வந்து ஒரு பக்கம் எடுத்திருக்கிறார்கள். சோதனைக்கு வந்தவர், சௌந்திரம் முந்தானையை இழுத்து இழுத்து மூடுவதைப் பார்த்திருக்கிறார். அடுத்த முறை வரும்போது எடுத்த பக்கம் ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ள, பருத்தித் துணியில் தைத்த சின்ன மெத்தை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே பஞ்சு, எடைக்குக் கொஞ்சம் ராகி.

"ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ராகிய மாத்திடுங்கக்கா. வேர்வை பட்டா மொளச்சு வந்துரும்" என்றார்.

சௌந்திரம் சிரித்தாள். தனி அறைக்கும் பெரிய டாக்டருக்கும் வராத சிரிப்பு ஒரு கைப்பிடி ராகிக்கு வந்தது. அன்றிலிருந்து இரண்டு பேரும் தினமும் போனில் பேசிக்கொள்வார்கள். மாத்திரையால் எலும்பு வலிக்கிறதா, தூக்கம் வருகிறதா, கை வீங்கினால் என்ன செய்வது என்று பேச்சு ஓடும். நான் அந்தப் பேச்சை மதித்ததில்லை.

ஹார்மோன் மாத்திரையில் மூன்று வருடம் ஓடியது. இந்த வருடம் சித்திரையில் வயிறு உப்பியது. இரண்டு கவளத்துக்குமேல் சாப்பாடு இறங்கவில்லை. நோய் வயிற்றின் உள்சவ்வில் பரவி நீர் கோத்திருந்தது. மாத்திரையை மாற்றினார்கள், கேட்கவில்லை. ஆவணி முதல் வாரம் மறுபடி போனோம். பலமான கீமோ கொடுத்துப் பார்க்கலாம், இல்லாவிட்டால் நீரை அவ்வப்போது எடுத்துவிட்டு, வலிக்கு மருந்து கொடுத்து வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். செலவைப் பற்றிக் கவலை இல்லை, கீமோ ஆரம்பியுங்கள் என்றேன்.

சௌந்திரம் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தாள். கேட்கவேண்டியதை மறக்காமல் எழுதிக்கொண்டு போகச் சொல்லி மஸ்தான் பீவி பழக்கியிருக்கிறார். அதைப் பார்த்து அவளே டாக்டரிடம் கேட்டாள்.

"இந்த மருந்து போட்டா எனக்கு எத்தன நாளுங்க சேத்திக் கெடைக்கும்? அந்த நாள்ல நான் ஊட்டுல இருப்பனா, இங்க இருப்பனா?"

டாக்டர் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு ஒளிக்காமல் சொன்னார். இந்த வகைக்கு கீமோ அவ்வளவாகக் கேட்பதில்லை, கிடைத்தால் சில வாரங்கள், அதில் பாதி ஆஸ்பத்திரியில் போகும் என்றார். அவள் காகிதத்தை மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள்.

நான் விட்டுவிடுவேனா? மறுநாள் மத்தியானம் இரண்டு லட்சத்தைப் பையில் போட்டுக்கொண்டு நாமகிரிப்பேட்டைக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வயிறு மட்டும்தான் இருந்தது, மற்றதெல்லாம் எலும்பு. திங்கட்கிழமைக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை சொல்லிவிட்டேன், கிளம்பு என்றேன்.

அவள் தலையாட்டவில்லை. "எனக்குக் குடுக்கவேண்டிய பன்னெண்டாயிரத்தக் குடுங்ணா" என்றாள்.

இரண்டு லட்சத்தை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். ஏழு பவுனும் இன்றைய விலைக்கு வாங்கித் தருகிறேன் என்றேன். அவள் கட்டுகளை என் பக்கமே தள்ளிவிட்டாள்.

"வட்டி வேண்டாம், நகையும் வேண்டாம். உங்க காசுல வைத்தியம் நடக்கறவரைக்கும் உங்க பேச்சுத்தான் நடக்கும். என் காசு என் கையில வந்துட்டா நான் ஊட்டுலயே இருந்துக்கறேன். சேலத்துல நீர் எடுக்கறதுக்குக் கார் வாடகை, கூட இருக்க ஒரு ஆளு. அதுக்கு இது போதும். மஸ்தானும் வந்து பத்து நாளு இருக்கறேன்னிருக்குது."

அவளைச் சாகவிட நான் தயாராக இல்லை. அதுதான் உண்மை. நீ சொன்னால் ஆயிற்றா, இப்போதே கோயிலுக்குப் போவோம், மூன்று தடவையும் பூ கேட்டுவிடுவோம் என்றேன்.

சௌந்திரம் என்னை நேராகப் பார்த்தாள். கோபம் இல்லை. மண்டியில் கிழங்கை ஒடித்துக் காட்டிவிட்டு நிற்பாளே, அந்தப் பார்வை.

"ஏனுங்ணா, போருக்கு மூணு தடவ கேப்பீங்க. எனக்கு ஒருக்காத்தான கேட்டீங்க."

அவளுக்கும் அது தெரிந்திருக்கிறது. நாலரை வருடம் வாயைத் திறக்காமல் வைத்திருந்திருக்கிறாள். அன்றைக்குக் கோயிலில் கேட்க வந்தது இதைத்தான்.

"இனிச் சாமியக் கேக்க வேண்டாங்ணா. என்னையக் கேளுங்க."

காட்டுப் பக்கம் நான் போட்ட போரின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் தொட்டியில் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவள் அவசரப்படவில்லை.

கடைசியில் கேட்டேன்.

"உனக்கு என்ன வேணும் சாமி?"

"ஊட்டுல இருக்கோணும்."

சரி என்று சொன்னேனோ இல்லையோ, நினைவில்லை. ஒரு கட்டைப் பிரித்தேன். அவள் கையை நீட்டினாள். விரல்கள் குச்சியாகிவிட்டன, ரேகையில் மட்டும் மஞ்சள் அப்படியே இருந்தது. லட்சத்தைக் கண்மூடித் திறப்பதற்குள் எண்ணுகிற கை என்னுடையது. அன்றைக்கு ஒவ்வொரு ஐந்நூறு ரூபாய் நோட்டாக எடுத்து, வாய்விட்டு எண்ணி அந்த உள்ளங்கையில் வைத்தேன். பதினைந்தில் எண்ணிக்கை தவறிவிட்டது. அவள் கையை மடக்கவில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். இருபத்து நாலாவது நோட்டு வரைக்கும் அந்தக் கை அப்படியே விரிந்திருந்தது.