ஓரத்தில் எழுதிக்கொண்டது

அந்தக் கட்டடத்தில் அவரைப் பட்டாளத்தார் என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்றாவது மாடியில் ஓர் அறையும் சமையல் மேடையும் மட்டும் உள்ள வீட்டில் தனியாக இருந்தார். வயது ஐம்பத்தெட்டு. மனைவி ஆறு வருஷத்துக்கு முன்பு, பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று மகள் வீட்டுக்குப் போனவள், திரும்பவில்லை. பெரிய சண்டை ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்கு அலுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

கட்டடம் கட்டடமாகப் போய்த் தீயணைப்பு சிலிண்டர்களைச் சோதிப்பது அவர் வேலை. சுவரிலிருந்து சிலிண்டரை இறக்கி, அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா, சீல் உடையாமல் இருக்கிறதா, குழாயில் விரிசல் உண்டா என்று பார்த்து, அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். யாரும் அவரோடு பேச வேண்டிய அவசியமில்லை. காலை நகர்த்தி வழி விடுவார்கள், அதோடு சரி. ஐந்து மணிக்கு வேலை முடியும். ஐந்தரைக்கு முதல் கிளாஸ். தூங்கும்போது எத்தனையாவது என்று அவருக்கே தெரியாது.

ஒருநாள் காலையில் கை நடுக்கத்தோடு போட்ட கையெழுத்தை ஒரு கிடங்கு மேலாளர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நீங்க போட்டதுதானா?" என்று கேட்டார். பட்டாளத்தாருக்கு முகம் செத்துவிட்டது.

அந்த வாரம் சர்க்கரைப் பரிசோதனைக்காக முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைக்குப் போனவர், சுவரில் ஓர் அறிவிப்பைப் பார்த்தார். குடியைக் குறைக்கும் மாத்திரை ஒன்றைச் சோதிக்கிறார்கள், அதிகம் குடிக்கும் முன்னாள் ராணுவத்தினர் தேவை, நான்கு மாதம். பெயர் கொடுத்தார்.

டாக்டர் விளக்கினார். "பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே மாதிரி வெத்து மாத்திரை. உங்களுக்கு எதுன்னு எனக்கே தெரியாது. அடியோட நிறுத்தச் சொல்லலை. தினமும் எவ்வளவு குடிச்சீங்கன்னு இந்த நோட்டுல மறைக்காம எழுதணும்." பிறகு கேள்வித்தாளைப் பார்த்துக் கேட்டார். "சண்டையில இருந்திருக்கீங்களா?"

வெளியே பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவருக்கு இடது கையில் மூன்று விரல் இல்லை. இன்னொருவர் கதவு சாத்தும் சத்தத்துக்கெல்லாம் திடுக்கிட்டார்.

"இல்லைங்க. பதினெட்டு வருஷமும் ஸ்டோர்லதான். கம்பளி, பூட்ஸ், கூடாரம். வெடிச்சத்தம் கேட்டதே பயிற்சியிலதான்."

"அப்புறம் குடி?"

"அங்க சாயங்காலம் எல்லாரும் சேர்ந்து குடிப்போம். வெளிய வந்ததும் ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்க. இது மட்டும் கூடவே வந்துடுச்சு." வெளியே பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். "என்னைச் சேர்த்துக்குவீங்களா?"

"ஏன் சேர்த்துக்காம?" என்றார் டாக்டர்.

ஒவ்வொரு புதன்கிழமையும் நாலு மணிக்கு நர்ஸ் ஃபோன் செய்வார். எத்தனை கிளாஸ், குமட்டல் உண்டா, தூக்கம் எப்படி? ஐந்து நிமிடப் பேச்சு. வாரம் முழுவதும் அவரைத் தேடி வந்த ஒரே ஃபோன் அது. புதன்கிழமை மூன்றே முக்காலுக்கே சிக்னல் கிடைக்கும் படிக்கட்டாகப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்.

இரண்டாவது வாரம் நர்ஸ், "போன வாரத்தைவிடக் குறைஞ்சிருக்கே! ரொம்ப சந்தோஷம் சார்" என்றார். தன்னால் ஒருவர் சந்தோஷப்பட்டு எவ்வளவு காலமாயிற்று என்று அவருக்கு நினைவில்லை. அடுத்த நாள் ஒன்பது கிளாஸ் குடித்துவிட்டு ஆறு என்று எழுதினார். பிறகு ஐந்து. இரண்டாம் மாதத்தில், காகிதத்தைப் பார்த்தால் மனிதர் சாமியாராகவே போய்விட்டார்.

அடுத்த முறை பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போனபோது, விரல் இழந்தவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு இந்த மாத்திரை ஒண்ணும் கேக்கலைங்க. நேத்து பதினொண்ணு. அப்படியே எழுதிட்டேன்."

"குறைச்சு எழுதியிருக்கலாமே?"

"எதுக்கு? நான் பொய் எழுதினா, நாளைக்கு இன்னொருத்தனுக்கு இது கேக்கும்னு நம்பிக் கொடுப்பாங்க. பாவம் இல்லையா?"

பட்டாளத்தாருக்கு உடம்பு கூசியது. பதினெட்டு வருஷத்தில் ஒரு கம்பளி கூடக் குறையாமல் ஒப்படைத்தவர் அவர். உள்ளே போய் நோட்டை மேஜைமேல் வைத்தார். "சிஸ்டர், இதுல பாதி புளுகு."

நர்ஸ் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு நாளாகக் கேட்டார். "அடிச்சுட்டு எழுதுங்க, பக்கத்துல கையெழுத்துப் போடுங்க. ஞாபகம் இல்லைன்னா ஞாபகம் இல்லைன்னே எழுதுங்க." முடிய ஒரு மணி நேரமானது. ஆரம்பத்தில் பத்து, இப்போது ஏழு.

"இதுவும் குறைவுதானே சார்" என்றார் நர்ஸ்.

அதன்பின் எழுதியதெல்லாம் நிஜம். ஆறு, ஐந்து, நாலு. குடித்தாலும் நாக்கில் சப்பென்றிருந்தது. ஆனால் சாயங்காலம் நீண்டுவிட்டது. ஆறு மணிக்குள் வீட்டைப் பெருக்கிவிடுவார். துவைத்த சட்டையையே மறுபடி துவைப்பார். மேல்மாடி வீட்டில் நாற்காலி இழுபடும் சத்தத்தை வைத்து, அவர்கள் சாப்பிட உட்காருகிறார்களா எழுந்திருக்கிறார்களா என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார்.

"குடிக்கத் தோணலை சிஸ்டர். ஆனா வேற என்ன பண்றதுன்னும் தோணலை" என்றார் ஒரு புதன்கிழமை.

"அதுக்கு இந்தப் படிவத்துல கட்டம் இல்லையே சார்." பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. "ஓரத்துல எழுதிக்கிறேன்."

நான்கு மாதம் முடிந்தது. கடைசி ஃபோனில், "அப்போ அடுத்த புதன்கிழமை?" என்று கேட்டுவிட்டார்.

"இனிமே நான் கூப்பிட மாட்டேன் சார். உடம்பைப் பாத்துக்கோங்க."

முடிவு தெரியும்வரை அதே மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்துவந்தார்கள். சில மாதங்கள் கழித்து மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. அவருக்குக் கொடுத்தது நிஜ மருந்து. வேண்டுமானால் டாக்டரிடம் எழுதி வாங்கித் தொடரலாம். அவருக்கு என்னவோ ஏமாற்றமாக இருந்தது. வெத்து மாத்திரையாக இருந்திருந்தால், குறைத்தது நான்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். அதையும் யாரிடம் சொல்வது என்று யோசித்தபோது, மகள் வீட்டு எண்ணை அழுத்தினார். மதியம் இரண்டு மணி.

மனைவிதான் எடுத்தாள். அவர் கடித விஷயம் முழுவதையும் சொன்னார். அவள் குறுக்கே பேசவில்லை. நாக்கு குழறுகிறதா என்று கவனிக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும்.

"குடிக்கலையா?"

"இன்னும் இல்லை. சாயங்காலம் மூணு குடிப்பேன்."

"கல்யாணம் ஆனதுலேருந்து நீங்க எண்ணிக்கை சொன்னதே இல்லையே" என்றாள். பிறகு, "நான் அங்க திரும்பி வரமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"நான் கூப்பிடலையே."

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஃபோன் பண்ணுங்க. பேத்தி தூங்குவா. நானும் சும்மாதான் உக்காந்திருப்பேன்."

அவர் ஒரு ஞாயிறு விடாமல் பேசுகிறார். சில வாரம் பத்து நிமிடம். சில வாரம், "கையில வேலையா இருக்கேன்" என்று வைத்துவிடுவாள். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நடுவில் ஒரு வாரம் விட்டுவிட்டார், எட்டு வரைக்கும் போய்விட்டது. அதையும் சொன்னார்.

அவள், "இன்னைக்கு மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டாள்.

"போட்டுட்டேன்" என்றார்.