துடக்கு வீட்டு வண்ணத்துப்பூச்சி

“…அந்த மூலையிலை பிள்ளைப்பெத்த துடக்கு. முப்பத்தொண்டு கழியாமல் ஒண்டிலும் கைவைக்கேலாது, சொல்லிப்போட்டன்” என்று அக்கா ஜெர்மனில் தொடங்கித் தமிழில் முடித்தபோது, தோட்டச் சங்கத் தலைவர் என் முகத்தைப் பார்த்தார். கெல்சென்கிர்ச்சனில் அக்காவின் தோட்டத் துண்டுக்கு அடுத்த துண்டு என்னுடையது. மொழிபெயர்ப்பும் என் தலையில்தான். குழந்தை பிறந்த வீட்டில் ஒரு மாதத்துக்கு நாங்கள் சாப்பாட்டுக்குக் கைநீட்ட மாட்டோம், அதைத்தான் சொல்கிறா என்றேன். யாருக்குக் குழந்தை என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். அக்காவின் வேலியோரம் உள்ளி மணக்கிற ஒரு களை இடுப்பளவுக்கு நின்றது. எங்கள் ஆட்களுக்கு ஒரு இலை மணத்தால் போதும், அது சட்டிக்குப் போய்விடும். அக்காவும் தேங்காய்ப்பூ போட்டு வறை வறுத்து, வேலிக்கு மேலால் எனக்கும் நீட்டுவா. அந்தச் சித்திரையில் இலை ஒடிக்கப்போன கை, பூக்காம்பில் கடுகிலும் சின்னதாய் ஒரு செம்மஞ்சள் முட்டையைக் கண்டு நின்றுவிட்டது. முட்டைக்குத் தகப்பனான வண்ணத்துப்பூச்சி மேலே சுற்றிக்கொண்டிருந்தது. வெள்ளைச் செட்டை, நுனியில் மட்டும் செம்மஞ்சள். ஜெர்மன்காரர் ஆரோராஃபால்டர் என்பார்கள். அக்காவுக்கு அவன், “குழம்புக்கையோடை வெள்ளை வேட்டியைத் தொட்டவன்.” அன்றோடு வறை நின்றது.

தலைவர் பழைய சுரங்கத் தொழிலாளி, நல்ல மனுசர். ஆனால் களையை வெட்டாவிட்டால் துண்டைத் திருப்பித் தரவேண்டும் என்று முன்னரே சொல்லியிருந்தார். இது கடைசித் தரம். மாடிவீட்டில் பிள்ளைகளை வளர்த்தெடுத்த அக்காவுக்கு, வருசக்கணக்கில் காத்திருந்து கிடைத்த மண் அது. வெட்டிவிடுங்கோ அக்கா, பூச்சி வேறை வளவு பார்க்கும் என்று மெல்லச் சொன்னேன்.

“முட்டை நடந்து போகுமோ தம்பி?” என்றா.

இன்றைக்கு அக்கா டார்ம்ஸ்டாட்டில் மகளோடு இருக்கிறா. அந்த மூலையில் இன்னும் கத்தி படவில்லை. பூக்கிற காலத்தில் தலைவரே ஆட்களைக் கூட்டிவந்து, குனிந்து பார்க்கச் சொல்லி, கைவைக்க வேண்டாம் என்கிறார். துடக்கைப் பற்றி நான் சொன்ன விளக்கத்தில் பாதிகூட அவருக்கு விளங்கியிராது. அக்கா அந்த விளக்கத்தை நம்பியிருக்கவும் இல்லை. அன்று தன் கண்ணாடியைக் கழற்றித் தலைவரின் மூக்கில் மாட்டினா. ஒரு கையால் முட்டையிருந்த பூக்காம்பைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கத்தரிக்கோலை அவரிடம் நீட்டினா.