அவரைத் தோலும் பாதாம் பாலும்

சிவாஜிநகர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் பாதாம் பால் விற்கும் பாய், பாட்டிலை இரண்டு முறை குலுக்கிவிட்டுத்தான் என் கையில் கொடுத்தார்.

"குலுக்கிக் குலுக்கிக் குடிம்மா. பாதாம் எல்லாம் அடியில போய்ப் படுத்துக்குது. குலுக்காம குடிச்சவன் எல்லாம் பாய் வெறும் பால் விக்கிறான்னு சொல்லிட்டுப் போறான்."

நான் குலுக்கவில்லை. கண்ணாடி வழியாகத் தூள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காலடியில் அவரைக்காய்த் தோல். ஜனவரி மாத பெங்களூரில் எங்கே நின்றாலும் காலடியில் அதுதான். கொட்டையை உரித்து எடுத்துக்கொண்டு தோலைக் குவியலாகத் தெருவில் தள்ளிவிடுவார்கள்.

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. பாட்டிலையும் தோலையும் மாறிமாறிப் பார்த்தேன்.

எம்.எஸ்சி. உணவுத் தொழில்நுட்பம் இரண்டாம் ஆண்டில் இருந்தேன். நூலகத்தில் அந்த வாரம்தான் படித்திருந்தேன்: எந்தச் செடியின் நாரும் செல்லுலோஸ்தான். அதைக் கண்ணுக்குத் தெரியாத இழைகளாகக் கிழித்துவிட்டால் தண்ணீரில் வலைபோலப் பின்னிக்கொண்டு கூழாகிவிடும். அந்த வலையில் மாட்டிய தூள் கீழே இறங்காது. படித்த கட்டுரைகளில் எல்லாம் மரக்கூழ்தான். அவரைத் தோலை யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. யாரும் தொடவில்லை என்பதே எனக்குப் போதுமான காரணமாக இருந்தது.

மர்பி டவுனில் எங்கள் வீட்டுக்குள் கோணிப்பையோடு நுழைந்ததும் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஊர்ல எல்லாரும் கொட்டைய எடுத்துக்கிட்டுத் தோல வீசுவாங்க. என் பொண்ணு தோல எடுத்துக்கிட்டு வர்றா. எவன்டி உன்னக் கட்டிப்பான்?"

தோலைக் கல்லூரி ஆய்வகத்தில் காஸ்டிக் சோடாவில் வேகவைத்தேன், வெளுத்தேன், லிட்மஸ் காகிதத்தின் நிறம் மாறுவது நிற்கும் வரை கழுவினேன். கடைசியில் பழைய மிக்ஸியில் அரைத்து அரைத்து எடுத்தபோது, வெள்ளையாக, பளபளவென்று கொஞ்சம் கூழ் கிடைத்தது. ஒரு ஸ்பூனைப் பாதாம் பாலில் கலந்தேன். ஆறு மணி நேரம் தூள் இறங்கவில்லை.

வழிகாட்டி மேடம் இளையவர், கறாரானவர். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். பாலை அழுத்தி மயிரிழை இடைவெளி வழியாகத் தள்ளும் ஹோமோஜினைசர் அவர் பொறுப்பில் இருந்தது. அது கிடைத்தால் என் இழைகள் இன்னும் நுணுக்கமாகும். கிடைக்காவிட்டால், வருடாவருடம் யாராவது ஒருவர் செய்யும் பிஸ்கட் ஈரப்பத ப்ராஜெக்ட்தான் எனக்கு.

"ஆறு மணி நேரம் எல்லாம் பத்தாதும்மா. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குக் கலந்துட்டு, திங்கக்கிழமை பத்து மணிக்கு எடுத்துட்டு வா. அடியில படியாம இருந்தா கையெழுத்து. படிஞ்சிருந்தா பிஸ்கட்."

அன்று புதன்கிழமை. ஞாயிறு வரை கூழ் கெடாமல் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. ஆய்வக ஃப்ரிட்ஜில் வைத்தால் யாராவது தூக்கிப் போட்டுவிடுவார்களோ என்று பயம். இரண்டு முறை மோந்து பார்த்தேன். மூன்றாம் முறை அம்மா பார்த்துவிட்டாள்.

"கூழ்தானேடி? வடாம் மாதிரி காய வச்சுடு. வருஷம் ஆனாலும் கெடாது. வேணும்கிறப்போ தண்ணி ஊத்திக்கோ."

எவ்வளவு சரியாகத் தோன்றியது! மிளகாய், மாவு, மாங்காய், எங்கள் வீட்டில் கெடக்கூடாத எல்லாமே மொட்டைமாடிக்குத்தான் போகும். இரண்டு எவர்சில்வர் தட்டில் தடவி, மேலே மெல்லிய துணி கட்டி, காக்கை மிரள ஒரு குச்சியும் நட்டுவிட்டு வந்தேன். சனிக்கிழமை அது அப்பளம்போல மொடமொடவென்று உரிந்து வந்தது. எனக்கு அவ்வளவு பெருமை. பொடித்து டப்பாவில் போட்டேன்.

ஞாயிறு பத்து மணிக்குக் கலந்தேன். பன்னிரண்டு மணிக்குப் பாட்டிலின் அடியில் மெல்லிய கோடு. விளக்கு வெளிச்சம் என்று சொல்லிக்கொண்டேன். பாட்டிலை ஜன்னலுக்கு மாற்றினேன். ஒரு மணிக்குக் கோடு விரல் அகலம் ஆகியிருந்தது. மீதிப் பொடியைச் சுடுதண்ணீரில் போட்டேன், மிக்ஸியில் அடித்தேன், ஊறவைத்தேன். மணல்போலக் கீழே போய் உட்கார்ந்தது. காயும்போது இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. இனி எந்தத் தண்ணீரும் அவற்றைப் பிரிக்காது. ஈரக்கூழ் ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைக்கவில்லை.

"பேதி வந்தவ மாதிரி ஏன் நடந்துக்கிட்டே இருக்கே?" என்றாள் அம்மா. நான் மிக்ஸி ஜாரைக் கழுவப் போனேன்.

திங்கட்கிழமை பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். அல்சூர் தாண்டியதும் ஒவ்வொரு பள்ளத்திலும் பஸ் தூக்கிப் போட்டது. இறங்கும்போது பாட்டிலைப் பார்த்தேன். அடியில் ஒன்றுமே இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே சந்தன நிறம். நான் குலுக்கவில்லை, பஸ் குலுக்கியிருக்கிறது. நேராக மேடம் அறைக்குப் போனால் இன்னும் அரைமணி நேரமாவது இப்படியே நிற்கும்.

போனேன். மேடம் பாட்டிலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார்.

"அரே, சென்னாகிதே! நல்லா நிக்குதே!" பேனாவை எடுத்துவிட்டார்.

ஹோமோஜினைசர் படிவம் மேஜைமேல் இருந்தது. அதில் என் பதிவு எண் ஏற்கெனவே எழுதியிருந்தது. ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் கையெழுத்து வாங்கி, அந்தப் பொடி கலந்த பாலை இயந்திரத்தில் ஊற்றினால்? அங்கேயும் அது கீழேதான் உட்காரும். இன்னும் பத்துப் பேர் பார்க்க.

"மேடம், பஸ் குலுக்குச்சு. நேத்து மத்தியானமே படிஞ்சிடுச்சு."

பேனா நின்றது. தட்டு, மொட்டைமாடி, வடாம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். மேடம் முதலில் முறைத்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

"வடாமா? செல்லுலோஸ்ல வடாம் போட்டியா?"

"கெடாம இருக்கட்டும்னு, மேடம்."

"சரி. காய வச்சா செத்துடும்னு உனக்கு இப்ப தெரியுது. அது வரைக்கும் நல்லது. வெள்ளிக்கிழமை பத்து மணி. இருபத்து நாலு மணி நேரம் நின்ன பாட்டில், மேஜைமேல என் கண்ணு முன்னாடி இன்னும் ஒரு மணி நேரம் நிக்கணும். அப்புறம்தான் பேனா மூடி தொறப்பேன். அதுக்கு மேல டைம் இல்ல."

வெளியே வந்து விரல் மடக்கினேன். வெள்ளி பத்து மணிக்கு இருபத்து நாலு மணி நேரம் நின்ற பாட்டில் வேண்டுமென்றால், வியாழன் பத்து மணிக்குக் கலக்க வேண்டும். அதற்கு முன் அரைக்க, அதற்கு முன் வெளுக்க. செவ்வாய் காலையிலேயே தோல் அடுப்பில் இருந்தாக வேண்டும். அவரை சீசனோ முடிகிற நேரம். தெருவில் குவியல்கள் சிறுத்துக்கொண்டே வந்தன.

நாளை முதல் பஸ்ஸில் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு மூட்டை அள்ளிவர வேண்டும். இந்த முறை முக்கால் பங்கு கூழ் ஈரமாகவே பாட்டிலுக்குள் போகும். மீதிக் கால் பங்கில், காயவைப்பதற்கு முன்னால் சர்க்கரை கலந்து பார்க்கப்போகிறேன். இழைகளுக்கு நடுவே சர்க்கரை போய் உட்கார்ந்துகொண்டால், அவை ஒட்டிக்கொள்ள இடம் இருக்காதே.