என் மூஞ்சி மட்டும் ஏறின மலை

எனக்கு நானே பேனர் வெச்சுகிட்டவன் நான். இத முதல்லயே சொல்லிட்டா மத்தத சொல்றது கொஞ்சம் சுலபமா இருக்கும்.

எங்க தெருமுனையில, டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல, பத்தடிக்கு எட்டடி. கூலிங் கிளாஸ் போட்டு, கையக் கட்டிகிட்டு, மச்சு பிச்சு இடிபாட்டு மேல நான் நிக்கறேன். 'இன்கா மலையை வென்று திரும்பிய எங்கள் அண்ணனே வருக'ன்னு பெரிய எழுத்து. கீழ 'இவண்: கடற்கரைச் சாலை காலை நடை நண்பர்கள்'னு ஏழு மூஞ்சி வட்டவட்டமா. அந்த ஏழு பேருக்கும் பேனர் கட்டின அப்புறந்தான் விஷயமே தெரியும். வாசகம் என்னுது. கூலிங் கிளாஸ் ஃபிளெக்ஸ் கடைக்காரர் கம்ப்யூட்டர்ல மாட்டிவிட்டது. அந்த பேனர் கட்டினப்ப நான் ஊர விட்டே கெளம்பல. ஃபிளைட்டுக்கு இன்னும் நாலு நாள் இருந்துச்சு.

'திரும்பிய'ன்னு போட்டிருக்கு, நீங்க இன்னும் போவவே இல்லியேன்னு கடைக்காரர் ஒரு சந்தேகம் கேட்டாரு. வரவேற்பு பேனர்னா ஆள் வர்றதுக்கு முன்னாடிதான இருக்கணும், வந்து நானே ஆர்டர் குடுத்தா நல்லாவா இருக்கும்னு சொன்னேன். அவருக்கு அது நியாயமாப் பட்டுது. எங்க ஊர்ல யாருக்கும் நியாயமாத்தான் படும். கூடவே அதே மாதிரி சின்னதா, மூணடிக்கு ஆறடியில, நின்ன வாக்குல ஒண்ணு அடிச்சுத் தரச் சொல்லி சுருட்டி வாங்கிகிட்டேன். மலை உச்சியில புடிச்சுகிட்டு போட்டோ எடுக்க.

இந்த பயணம் எனக்காக ஏற்பாடு ஆனதே இல்ல. என் வீட்டுக்காரி பெரிய ஆஸ்பத்திரியில நர்ஸு. ஒரு வருஷம் அவங்க வார்டுக்கு மருந்து கம்பெனிக்காரங்க குடுத்த காலண்டர்ல அந்த மச்சு பிச்சு படம் வந்துச்சாம். பச்சை மலை, கல்லு வீடு, மேல மேகம். மாசம் முடிஞ்சதும் அந்தத் தாளைக் கிழிச்சு கொண்டாந்து பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வெச்சா. பதினோரு வருஷமா அது அங்கதான் இருக்கு. நானும் தினம் சட்டை எடுக்கறப்பல்லாம் பாத்திருக்கேன். நேபாளம்னு நெனச்சிருந்தேன்.

அவ தம்பி, அதாவது என் மச்சான், பிரெஞ்சு நேஷனாலிட்டி பொண்ணக் கட்டிகிட்டு பிரான்ஸுக்குப் போனவன். எங்க இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்கு அவங்க அக்காகிட்ட என்னா வேணும்னு கேட்டிருக்கான். இவ பீரோ கதவைத் தொறந்து படத்த போன்ல காட்டியிருக்கா. நாலு நாள் நடை, கைடு, மூட்டை தூக்க ஆளு, டென்ட்டு, சாப்பாடு எல்லாத்துக்கும் அவனே சேத்து புக் பண்ணிட்டான். புருஷன்ங்கற முறையில நானும் அந்த டிக்கெட்ல இருந்தேன்.

நான் உடனே கேட்டது, உன்னால ஏற முடியுமான்னு. ஷிஃப்டுக்கு எட்டு மணி நேரம் நின்னுகிட்டே வேலை பாக்கறவ அவ. எங்க ஊரு மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஒரு கம்பெனி ஸ்டோர்ஸுல சக்கரம் வெச்ச நாற்காலியிலயே இங்கயும் அங்கயும் உருண்டு போறவன் நான்.

புக்கிங் ஃபாரத்துல மலை அனுபவம் உண்டான்னு ஒரு கேள்வி. 'வருடத்துக்குப் பன்னிரண்டு முறை'ன்னு போட்டேன். பௌர்ணமிக்கு பௌர்ணமி திருவண்ணாமலை போறவன் வேற என்னா போடுவான்? கிரிவலம்னா மலைய சுத்தறது, மலை ஏறறது இல்லன்னு எனக்குத் தோணவே இல்ல. அப்புறம் பயிற்சி. எங்க ஊர்ல மலை கெடையாது. கடல் மட்டம்னு பாடப் புத்தகத்துல படிச்சிருப்பீங்களே, அது எங்க வீட்டு வாசப்படி. உசரம்னா ரயில்வே மேம்பாலம்தான். அதுல தினம் மூணு தரம் ஏறி எறங்கினேன். ஏறி எறங்கினதும் பீச்சுல ரெண்டு வடை, ஒரு இஞ்சி டீ. பயிற்சி ஆரம்பிச்சதுலேர்ந்து ரெண்டு கிலோ ஏறினதுக்குக் காரணம் மேம்பாலம் இல்ல.

குஸ்கோன்னு பதினோராயிரம் அடி உசரத்துல ஒரு ஊரு. அங்கேர்ந்துதான் கெளம்பணும். அங்க ஓட்டல்ல மாடிப்படி ஏறறதுக்கே எனக்கு வாய் தொறந்துகிச்சு. பிரயாண அலுப்புன்னேன். சாயங்காலம் கைடு வந்தா. நம்ம தோள் உசரம்தான் இருப்பா, முப்பது முப்பத்தஞ்சு வயசு. ஆளுக்கு ஏழு கிலோதான் மூட்டை, அதுக்கு மேல தூக்கறவங்கள கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு கறாரா சொல்லி, கொக்கி தராசையும் குடுத்துட்டுப் போனா. வீட்டுக்காரி குளிக்கப் போயிருந்தா. நான் ரெண்டு பேரு மூட்டையையும் ஒண்ணா எடை போட்டேன். ஃபிளெக்ஸும் முறுக்கும் சேந்து அதிகமா காட்டிச்சு. முறுக்க எடுக்க மனசு வரல. ஃபிளெக்ஸ எடுக்கற பேச்சே கெடையாது. அவ ரெயின்கோட்டு நல்ல தடிமனா இருந்துச்சு. போன்ல பாத்தா மழை இல்லன்னு போட்டிருந்துச்சு. அத எடுத்து ஓட்டல் அலமாரியில வெச்சிட்டேன். உன் ரெயின்கோட்டத்தான எடுத்திருக்கணும்னு கேக்காதீங்க. நானே கேட்டுகிட்டேன், பின்னாடி.

முதல் நாள் நல்லாத்தான் போச்சு. ஆத்தோரமா சமதரை, வழியில கழுதை, சோளக்கொல்லை. கைடு கொக்கா இலை குடுத்தா, தலைவலிக்கு நல்லதாம். வெத்தலை மாதிரி மடிச்சு வாயில அடக்கிகிட்டு சுண்ணாம்பு இருக்கான்னு சைகையில கேட்டேன். மூட்டை தூக்கற ஒரு பெரியவரு, அறுவது வயசு இருக்கும், டயர் செருப்பு போட்டவரு, சாம்பல் மாதிரி ஒரு கட்டிய கிள்ளி குடுத்தாரு. அவங்களும் அப்படித்தான் மெல்லுவாங்களாம். என்னை முதல் தடவையா மரியாதையா பாத்தாரு. அந்த மரியாதை மறுநாள் காலை வரைக்கும் இருந்துச்சு.

ரெண்டாவது நாள்தான் பெரிய ஏத்தம். அந்தக் கணவாய்க்கு அவங்க பாஷையில செத்த பொம்பளைன்னு அர்த்தம் வர்ற பேரு. மலை பாக்கறதுக்குப் படுத்திருக்கற பொம்பளை மாதிரி இருக்குமாம். செத்தது பொம்பளையா இருக்கலாம், சாகப் போனது நானு. பத்து படி ஏறினா நிக்கணும். அப்புறம் அஞ்சு படி. மண்டைக்குள்ள யாரோ ஃபிளெக்ஸ் கட்ட ஆணி அடிக்கற மாதிரி இருந்துச்சு. வீட்டுக்காரி முன்னாடி போறா. வேகம் இல்ல, நிக்கறதும் இல்ல. வார்டுல ரவுண்ட்ஸ் போற நடை. நான் ஒரு பாறைக்குப் பின்னாடி போயி வாந்தி எடுத்துட்டு வந்து முறுக்கு ஒத்துக்கலன்னு சொன்னேன்.

அவ பையிலேர்ந்து ஆக்ஸிஜன் பாக்கற கிளிப்பை எடுத்து என் விரல்ல மாட்டினா. நம்பர பாத்தா. என் கண்ண பாத்தா. ஒரு நேர்கோட்டுல பத்தடி நடக்கச் சொன்னா. நான் நடந்தது நேரா இல்லன்னு எனக்கே தெரிஞ்சுது. கைடு வந்து நிலவரத்த சொன்னா. இங்கேர்ந்து எறங்கிட்டா அரை நாள்ல சரியாயிடும், ரயில்ல போயி கடைசி நாள் பஸ்ஸுல மேல வந்துடலாம். கணவாயத் தாண்டிட்டா திரும்ப வழி கெடையாது. எறங்கினவங்க மறுபடி ஏறவும் முடியாது, மலைப்பாதைக்குக் குடுத்த பாஸு அதோட முடிஞ்சுது.

இப்ப நான் ஒண்ணு ஒத்துக்கணும். அந்த நிமிஷமே என் மண்டை வலிக்கு நடுவுல ஒரு கதை ரெடியாயிடுச்சு. வீட்டம்மாவுக்கு மூச்சு வாங்கிச்சு, பாவம், விட்டுட்டு எப்படி போறது, அதான் நானும் எறங்கிட்டேன். இத பீச்சுல எந்த எடத்துல நின்னு சொல்லணும்னுகூட முடிவு பண்ணிட்டேன். அவளும் என்கூட எறங்கிடுவாங்கறதுல எனக்கு சந்தேகமே இல்ல. எங்கம்மாவுக்கு ஆபரேஷன்னப்ப ரெண்டு மாசம் லீவு போட்டவ அவ. எனக்கு காய்ச்சல்னா அவங்க சொந்தக்காரங்க கல்யாணத்துக்குக்கூட போவமாட்டா.

அவ கைடுகிட்ட ரெண்டே கேள்வி கேட்டா. எறங்கினா இவருக்கு ஆபத்து இல்லியே? கூட ஒரு ஆள் வருவாரா? ரெண்டுக்கும் பதில் கெடைச்சுது. அப்புறம் என் பக்கம் திரும்பினா.

"நீங்க எறங்குங்க. தண்ணி நெறைய குடிங்க. நான் போயிட்டு வரேன்."

டூட்டிக்குக் கெளம்பறப்ப சொல்ற அதே குரலு. பதினோரு வருஷமா பீரோ கதவுல இருந்த படம் இன்னும் ரெண்டு நாள் நடை தூரத்துல இருக்கு. அத நான் பாதியில நிறுத்திடுவேன்னு அவளுக்கு ஒரு பயம் இருந்திருக்கணும். இப்பதான் எனக்கு அது புரியுது. அப்ப எனக்குத் தோணினது வேற. மூட்டையிலேர்ந்து ஃபிளெக்ஸ எடுத்து அவ கையில குடுத்தேன். மேல போனதும் இத புடிச்சுகிட்டு ஒரு போட்டோ எடுத்துடுன்னேன். பெத்த கொழந்தைய ஒப்படைக்கற மாதிரிதான் குடுத்தேன். அவ அதையும் பாத்தா, என்னையும் பாத்தா, பையில சொருகிகிட்டு போயிட்டா.

டயர் செருப்பு பெரியவரு என் மூட்டையையும் தூக்கிகிட்டு ஏதோ பாட்ட முனகிகிட்டே முன்னால எறங்கினாரு. ஒரு மணி நேரத்துலயே எனக்குத் தலைவலி போச்சு. அதுதான் பெரிய அவமானம். கொஞ்சமாவது படுத்திருந்தா கௌரவமா இருந்திருக்கும். பசி வேற எடுத்துச்சு.

மலையடிவார ஊருக்கு ரயில்ல போயி ரூம் போட்டேன். மறுநாள் மத்தியானம் மழை புடிச்சுது. நம்ம ஊர்ல ஐப்பசியில அடிக்குமே, அந்த மாதிரி. ஜன்னல்ல நின்னு வேடிக்கை பாத்துகிட்டு இருந்தேன். சட்டுனு ஓட்டல் அலமாரி ஞாபகம் வந்துச்சு. அந்தத் தடிமனான ரெயின்கோட்டு, மடிச்சு, அழகா. என்னுது என் முதுகுலயே இருந்துச்சு. போன் பண்ண முடியாது, மேல சிக்னல் கெடையாது. முறுக்கு பாக்கெட்ட எடுத்தேன், வெச்சேன், எடுத்தேன். அன்னிக்கு முழுக்க அத சாப்பிடல. என் வாழ்க்கையில நான் செஞ்ச பெரிய தியாகம் அதுதான்.

நாலாவது நாள் விடிஞ்சதும் முதல் பஸ்ஸ புடிச்சு மேல போயிட்டேன். நடந்து வர்றவங்க சூரிய வாசல்னு ஒரு எடத்துலேர்ந்து எறங்கி வரணும். நான் படிக்கட்டு வயல் ஓரமா நின்னு அண்ணாந்து பாத்துகிட்டே இருந்தேன். எறும்பு மாதிரி ஆளுங்க வராங்க. சிவப்பு கோட்டு, நீல கோட்டு, பச்சை. அதுல ஒரு உருவம் மட்டும் வேற மாதிரி பளபளன்னு இருந்துச்சு. கிட்ட வந்தப்பதான் தெரிஞ்சுது, அது நானு.

ஃபிளெக்ஸுக்கு நட்டநடுவுல, சரியா என் தொப்பையில, பேண்டேஜ் கத்திரியால வட்டமா வெட்டி, அதுக்குள்ள தலைய விட்டுகிட்டு வீட்டுக்காரி வந்தா. முன்னால என் மூஞ்சி தலைகீழா அவ வயித்துல ஆடுது, கூலிங் கிளாஸோட. பின்னால என் ரெண்டு காலு. இடுப்புல பேண்டேஜ் துணியால ஒரு கட்டு. தலைகீழா 'வென்று திரும்பிய'. வழியில சேந்துகிட்ட வேற குரூப்பு வெள்ளக்காரங்க நாலு பேரு என்னைப் பாத்ததும் நின்னாங்க. முந்தின நாள் மழையிலேர்ந்து அந்த மூஞ்சியத்தான் பாத்துகிட்டு வந்திருக்காங்க, ஆள நேருல பாத்ததுல அவங்களுக்கு சந்தோஷம். ஒருத்தரு கை குடுத்தாரு. அந்தாளு தலைய ஒரு பக்கமா சாச்சு பாத்து, நேரா வெச்சுப் பாத்தா வேற மாதிரி இருக்கீங்கன்னாரு.

ரெயின்கோட்ட பத்தி அவ ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா நான் ஏதாவது சொல்லி தப்பிச்சிருப்பேன். கைடுதான் சொன்னா, மூணாவது நாள் மழையில எல்லாரும் நனைஞ்சாங்க, இந்தம்மா மட்டும் நனையல, நல்ல பிளாஸ்டிக்குன்னு. வீட்டுக்காரி ஒரு கல்லு மேல போயி உக்காந்தா. மேகம் விலகி, காலண்டர்ல இருந்த அதே கோணம் வந்துச்சு. அவ கிட்ட போயி ஏதாவது சொல்லணும்னு ரெண்டடி வெச்சேன். கைடு என் கையப் புடிச்சு நிறுத்திட்டா. அரை மணி நேரத்துக்கு மேல அவ அப்படியே உக்காந்திருந்தா. நான் பாத்தது மலைய இல்ல, அவ முதுகுல இருந்த என் கால.

ஊருக்கு வந்தா பேனர் அப்படியே இருக்கு. ஒரு மூலை அவுந்து, 'வருக'வுல பாதி மடங்கி. மறுநாள் காலையில பீச்சுல நண்பர்கள் சால்வையோட நின்னாங்க. நான் உண்மைய சொல்லிட்டேன். நல்ல மனசால சொன்னேன்னு நெனச்சிடாதீங்க. வீட்டுக்காரி அதுக்கு முன்னாடியே போட்டோ எல்லாத்தையும் குரூப்புல போட்டிருந்தா. ஏழு பேரும் தலைகீழா இருக்கற என் மூஞ்சிய பெருசாக்கி பாத்துகிட்டு இருந்தாங்க. கொண்டாந்த சால்வைய வீணாக்க வேணாம், அண்ணிகிட்ட குடுத்துடுங்கன்னு என் கையில திணிச்சுட்டு வடை சாப்பிடப் போயிட்டாங்க.

அவள ஆஸ்பத்திரியில விடறதுக்கு வண்டியில போறப்ப, மேம்பாலம் ஏறறப்ப, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தத கேட்டேன். நான் கூட வரலன்னு உனக்கு வருத்தமே இல்லியான்னு. பாலம் எறங்கறப்ப பின்னாடியிலேர்ந்து சொன்னா.

"நீங்க கூட வந்திருந்தா நாலு நாளும் உங்களத்தான் பாத்துகிட்டு இருந்திருப்பேன். மலைய எப்ப பாக்கறது?"